முதுகில் பாராசூட் இருந்தும் ஏன் குதிக்கவில்லை? (ஹவாய் விமான விபத்து, 2019)

செந்தாழை | இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் நிறையப் போகிறது. ஊரில் என்றால் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வருவார்கள். இவன் மனைவியோடு விமானத்திலிருந்து குதிக்கப் போகிறானாம். "பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் குதிப்போம், நீ கவலைப்படாதே அக்கா" என்கிறான்.

என் கவலையெல்லாம் குதிப்பதைப் பற்றித்தான் இருந்தது. இணையத்தில் தேடினால், குதிப்பதற்கு முன்பே நடந்த விபத்து ஒன்று கண்ணில் பட்டது. ஹவாயின் ஒவாஹு தீவு, மொக்குலேயா கடற்கரையோரம் டில்லிங்ஹாம் என்ற சிறிய விமானத்தளம். 2019 ஜூன் 21, வெள்ளிக்கிழமை. சாயங்காலச் சூரியனைப் பார்த்துக்கொண்டே குதிப்பதற்காகக் கிளம்பிய விமானம், கிளம்பிய சில நொடிகளில் தலைகீழாகத் தரையில் விழுந்து எரிந்துவிட்டது. ஒன்பது பேரும் இறந்துவிட்டார்கள்.

குழந்தைத்தனமான கேள்வியாக இருந்தால் மன்னியுங்கள். அத்தனை பேரும் குதிக்கத்தானே போனார்கள்? முதுகில் பாராசூட் இருந்ததல்லவா? ஒருவர்கூடக் குதிக்கவில்லையே, ஏன்?

ரிவெட் | இரவு 9.05

சகோதரி, முதலில் ஒரு திருத்தம். ஒன்பது என்பது அன்று இரவு வந்த கணக்கு. பிறகுதான் பதினொன்று என்று உறுதியானது. விமானி ஒருவர், பயணிகள் பத்துப் பேர். 2011இல் ரீனோ விமானப் பந்தயத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கச் சிவில் விமானத் துறை ஒரே விபத்தில் இத்தனை உயிர்களை இழந்தது அன்றுதான்.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளர். உங்கள் கேள்வியில் குழந்தைத்தனம் எதுவும் இல்லை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையே கேட்டிருக்கிறேன். வாகன நிறுத்துமிடத்தில் நின்று பார்த்தவர் சொன்னபடி, அந்த விமானம் அப்போது 150 முதல் 200 அடி உயரத்தில்தான் இருந்தது. அந்த உயரத்திலிருந்து ஒரு கல்லைப் போட்டால் மூன்று, மூன்றரை நொடியில் தரையைத் தொட்டுவிடும். அதற்குள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெல்ட்டைக் கழற்றி, எழுந்து, கதவுக்கு வந்து, வெளியே பாய்ந்து, பாராசூட் விரிந்து காற்றைப் பிடிக்க வேண்டும். பாராசூட் விரிய மட்டுமே சில நூறு அடி இறக்கம் தேவை. அனுபவசாலிகள் கட்டிக்கொள்ளும் தானியங்கிக் கருவி ஒன்று உண்டு. ஆள் மயங்கிவிட்டால்கூட மாற்றுப் பாராசூட்டை அதுவே விரித்துவிடும். அது வேலை செய்வதே சுமார் 750 அடியில். இவர்கள் அந்த உயரத்தையே எட்டவில்லை.

இன்னொன்று, உங்கள் தம்பி முதுகில் பாராசூட் இருக்காது. இணைந்து குதிக்கும் முறையில் இருவருக்குமான பாராசூட் பயிற்சியாளரின் முதுகில்தான் இருக்கும். வாடிக்கையாளர் உடம்பில் வெறும் வார்ப்பட்டைகள். அந்த வாரையும் மேலே போனபிறகுதான் பயிற்சியாளரோடு கொக்கியிட்டு இணைப்பார்கள்.

நெட்டைக்கொக்கு | இரவு 9.22

நல்லாயிருக்கும் விமானத்திலிருந்து பணம் கொடுத்துக் குதிப்பவர்களுக்காக இவ்வளவு பெரிய ஆராய்ச்சியா? இதில் மர்மம் ஒன்றும் இல்லை. விமானி வித்தை காட்டினார், விமானம் விழுந்தது. விசாரணை அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. இழையை மூடலாம்.

கீழக்கரையான் | இரவு 9.41

கொக்கு அண்ணாச்சி வந்துவிட்டார், இனி இழை நீளும்.

செந்தாழை அக்கா, நான் துபாயில் ஒருமுறை குதித்திருக்கிறேன். ரிவெட் சொல்வது சரி. கிளம்பும்போது பயிற்சியாளரின் மடிக்கு முன்னால் பஸ்ஸில் படிக்கட்டில் உட்கார்வதுபோல வரிசையாக உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவரின் தலைமுடிதான் தெரிந்தது. கதவு எந்தப் பக்கம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. மூன்று நொடியில் எழுந்து ஓடுவதாவது! மூன்று நிமிடம் கொடுத்தாலும் என்னால் எழுந்திருக்க முடிந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், விமானம் மேலே ஏறும்வரை எனக்குப் பயமே வரவில்லை. கதவு திறந்தபிறகுதான் வந்தது. இப்போது இதைப் படித்தபிறகு, பயத்தை இடம் மாற்றி வைத்திருந்தேன் என்று தோன்றுகிறது.

பழைய தாம்பரம் | இரவு 10.10

நான் விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எழுபது கடந்துவிட்டது, தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெட்டைக்கொக்கு தம்பி சொன்னது பாதி உண்மை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021இல் முடிவை அறிவித்தது. தரையை விட்டு எழும்பியதும் விமானி விமானத்தை மிகக் கடுமையாகத் திருப்பி இழுத்தார், அதனால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்தது, மீட்க உயரம் இல்லை. முதற்காரணம் அதுதான். ஆனால் அந்த வாக்கியத்தோடு அறிக்கை முடியவில்லை. "இதற்குத் துணைநின்றவை" என்று அடுத்த பத்தி தொடங்குகிறது. படிக்க வேண்டியது அந்தப் பத்தியைத்தான்.

அதற்கு முன் செந்தாழை அம்மாவுக்காக 'ஸ்டால்' என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலர் அதை எஞ்சின் நின்றுபோவது என்று நினைக்கிறார்கள். எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இறக்கையின்மேல் காற்று ஒட்டி வழுக்கிக்கொண்டு போனால் தூக்கும். மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் காற்று ஒட்டாமல் பிய்ந்துகொண்டு போகும். அப்போது எஞ்சின் எத்தனை உறுமினாலும் இறக்கை வெறும் பலகைதான். சாய்ந்து திரும்பும்போது இது இன்னும் சீக்கிரம் வரும். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது உடம்பு ஒருபக்கம் கனக்குமே, அதுபோல விமானமும் தன்னைத்தானே கனமாக்கிக்கொள்ளும். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் எடை இரண்டு மடங்கு. நேராகப் பறக்கும்போது 80 நாட் (மணிக்கு 80 கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் என்றால், அந்தச் சாய்வில் 113 நாட் வேகத்திலேயே ஆகிவிடும். வேகமானி நல்ல எண்ணைத்தான் காட்டும். இறக்கை கைவிட்டிருக்கும்.

மீதி நாளைக் காலை. வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.

வைகறை | இரவு 10.34

ஐயா, ஒரு சின்னக் குறுக்கீடு. அந்த இரண்டு மடங்குக் கணக்கு உயரம் மாறாமல் திரும்பும்போது மட்டுமே பொருந்தும். ஏறிக்கொண்டே இழுத்தால் எவ்வளவு இழுக்கிறார் என்பதைப் பொறுத்துச் சுமை மாறும். சாய்வுக் கோணத்தை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. (நான் விமானி பயிற்சியில் இருக்கிறேன். போன வாரம்தான் இந்தக் கேள்வியில் திட்டு வாங்கினேன், அதனால் நினைவிருக்கிறது.)

பழைய தாம்பரம் | காலை 6.15

வைகறை, சரியான திருத்தம். உன் ஆசிரியர் நல்லவர்.

இப்போது அந்த இரண்டாம் பத்தி. முதலில் எடைச் சமநிலை. விமானம் தன் பின்பக்கச் சமநிலை எல்லைக்கு மிக அருகில் இருந்தது. கிராமத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரே சொல்லில் புரியும்: பின்பாரம். வண்டியில் சுமை பின்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்பும். விமானத்திலும் அப்படித்தான், மூக்கு மேலே போகத் துடிக்கும். பிடியைச் சற்றே இழுத்தாலும் நினைத்ததைவிட அதிகமாக எழும்பும். கையில் எடையே தெரியாது. பழகாத கைக்கு அது சுகமாகக்கூட இருக்கும், அதுதான் ஆபத்து. அந்த நிலையில் அந்த விமானத்தைக் கையாளும் பயிற்சியும் அனுபவமும் விமானிக்கு இல்லை என்று அறிக்கை சொல்கிறது.

ரிவெட் | காலை 9.50

அடுத்ததை நான் எடுத்துக்கொள்கிறேன் ஐயா, என் தொழில் சம்பந்தப்பட்டது. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

விமானம் பீச்கிராஃப்ட் கிங் ஏர் 65-ஏ90. 1967இல் செய்யப்பட்டது, இரட்டை டர்போபிராப் எஞ்சின். வயதை வைத்து யாரும் பாய வேண்டாம்; ஒழுங்காகப் பராமரித்தால் ஐம்பது வயது விமானமும் பாதுகாப்பாகப் பறக்கும். பிரச்சினை வேறு. இதே விமானம் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை கிட்டத்தட்டச் செத்துப் பிழைத்தது.

2016 ஜூலை 23, கலிஃபோர்னியாவின் பைரன். உள்ளே 14 ஸ்கைடைவர்கள், அதாவது விமானத்திலிருந்து குதிப்பவர்கள். குதிக்கும் உயரத்துக்குப் போய் வேகத்தைக் குறைத்தபோது விமானி போதிய வேகத்தைக் காக்கத் தவறினார். ஸ்டால் ஆகி, சுழன்றுகொண்டே கீழே வந்தது. மீளும் முயற்சியில் வாலில் உள்ள கிடைமட்ட நிலைப்படுத்தியின் ஒருபகுதி, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரோடு சேர்ந்து, பிய்ந்து வானத்திலேயே விழுந்துவிட்டது. 14 பேரும் குதித்துத் தப்பினார்கள். மிச்சமிருந்த வாலை வைத்துக்கொண்டு விமானி தனியாகத் தரையிறக்கினார்.

செந்தாழை சகோதரி, உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல விடை இருக்காது. ஒரே விமானம், இரண்டு முறையும் ஸ்டால். முதல்முறை ஆயிரக்கணக்கான அடி உயரம் இருந்தது, எல்லாரும் பிழைத்தார்கள். இரண்டாம் முறை உயரம் இல்லை, எல்லாரும் போய்விட்டார்கள். பாராசூட் இரண்டு முறையும் இருந்தது.

வாலைச் சரிசெய்தார்கள். ஆனால் அந்தச் சுழற்சியின் விசை வாலை மட்டுமா தாக்கியிருக்கும்? இடது இறக்கை முறுக்கிக்கொண்டிருந்தது. அது சரிசெய்யப்படாமலேயே ஹவாய் வந்து, நாள்தோறும் காசு கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. இறக்கை முறுக்கியிருந்தால் விமானம் நேராகப் போகாது, ஒருபக்கம் சாயும். கையால் பிடித்துக்கொண்டே இருக்காமல் விமானத்தைச் சமநிலையில் நிறுத்தும் டிரிம் சக்கரத்தை ஓரம்வரை திருகி வைத்தால்தான் சமமாகப் பறக்கும். அதை ஓட்டியவர் ஒவ்வொருவர் கைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்க மிதி தேய்ந்த சைக்கிளைப்போல பழகிக்கொண்டார்கள். நிறுவனமான ஒவாஹு பாராசூட் சென்டரும் அதன் ஒப்பந்த மெக்கானிக்கும் விமானத்தைப் பறக்கத்தக்க நிலையில் வைத்திருக்கத் தவறினார்கள் என்பது வாரியத்தின் இரண்டாவது துணைக்காரணம்.

"பழகிவிட்டது" என்று யாராவது பராமரிப்புக் கூடத்தில் சொன்னால் எனக்கு எழுந்து ஓடத் தோன்றும்.

நெட்டைக்கொக்கு | காலை 10.12

இறக்கை முறுக்கியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே முறுக்கிய இறக்கையோடு அதே விமானம் எத்தனையோ முறை ஏறி இறங்கியதே? அன்று மட்டும் ஏன் விழுந்தது? அன்று விமானி இழுத்தார், அதனால். இழுக்காதவரை விழவில்லை. என் வாதம் அங்கேயே நிற்கிறது.

ரிவெட் | காலை 10.40

உங்கள் வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் அதைத் திருப்பியும் சொல்லலாம். முறுக்காத இறக்கை, முன்னால் பாரம், நன்றாகப் பயிற்சி பெற்ற கை: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் அந்த இழுப்பு ஒரு மோசமான சாகசமாக முடிந்திருக்கலாம். கீழே நின்றவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஏன் இழுத்தார் என்று இறந்தவரிடம் கேட்க முடியாது. அந்த விமானத்தில் கருப்புப் பெட்டியும் இல்லை, வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விமானத்தளத்தின் ஓரத்தில் இருந்த கண்காணிப்புக் கேமரா ஒன்றில் கடைசி நொடிகள் மட்டும் பதிந்தன.

வைகறை | மதியம் 1.05

விமானியைத் திட்டுவதற்கு முன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த பகுதி இது.

அந்த விமானிக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியரிடம் படித்தவர்களில் இவரும் வேறு இருவரும் முதல் முயற்சியில் தேர்வில் தோற்றவர்கள். அந்த ஆசிரியரின் மாணவர்களில் முதல் முறையே தேறியவர்கள் 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 80 சதவீதத்துக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டிய ஆசிரியர் என்பது அமெரிக்க விமான ஆணையமே வைத்திருந்த அளவுகோல். ஆனால் ஒரு ஆசிரியரின் தேர்ச்சி விகிதத்தைத் தானாகக் கண்டுபிடித்து எச்சரிக்கும் ஏற்பாடு ஆணையத்திடம் இல்லை. ஆசிரியர் தரக்குறைவாகக் கற்பிப்பது ஆணையத்துக்குத் தெரியாமல் இருந்ததையும் வாரியம் காரணங்களில் சேர்த்திருக்கிறது.

எனக்கு உறைப்பது இதுதான். என் ஆசிரியர் சொல்வது சரியா தவறா என்று சோதிக்க எனக்கு அறிவு போதாது. போதாததால்தானே அவரிடம் போகிறேன்? தனக்கு என்ன தெரியாது என்பது அந்த விமானிக்குத் தெரிந்திருக்குமா?

ஸ்கைடைவிங் விமானம் ஓட்டுவது இளம் விமானிகளுக்குப் பறக்கும் மணிநேரம் சேர்க்கும் வழி. நாள் முழுக்க ஏறுவது, ஆட்களை உதிர்ப்பது, இறங்குவது, மறுபடியும் ஏறுவது. நானும் படித்து முடித்தபின் அப்படி ஒரு வேலை கிடைக்குமா என்று யோசித்தவன்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்னைப் போன்ற ஒருவர் என்பதை உங்கள் தம்பி தெரிந்துகொள்ளட்டும் அக்கா.

வக்கீல் குமாஸ்தா | மதியம் 2.30

இதுவரை யாரும் தொடாத இடத்தைத் தொடுகிறேன். மூன்றாவது துணைக்காரணம், ஆணையத்தின் மேற்பார்வைச் சட்டகமே போதவில்லை என்பது. எப்படிப் போதவில்லை?

டிக்கெட் வாங்கி விமானத்தில் ஏறினால் நிறுவனத்துக்குச் சான்றிதழ், விமானிக்குத் தொடர் சோதனை, பராமரிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் என்று அடுக்கடுக்காகக் காவல் இருக்கிறது. ஆனால் அமெரிக்க விதிகளில் ஒரு விலக்கு உண்டு. கிளம்பிய இடத்திலிருந்து 25 மைல் சுற்றளவுக்குள், வேண்டுமென்றே பாராசூட்டில் குதிப்பதற்காக நடக்கும் பறத்தலுக்கு அந்த வணிகச் சான்றிதழ் வேண்டாம். அது 91ஆம் பகுதியின் கீழ் வரும். சொந்த விமானத்தில் சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை உலா போகிறாரே, அவருக்கான பகுதி அது! வாடிக்கையாளரிடம் நூற்றுக்கணக்கான டாலர் கட்டணம் வாங்குவார்கள், சட்டத்தின் கண்ணில் மட்டும் அது ஏறக்குறைய நண்பர்களோடு போகும் சவாரி.

இந்த விலக்கின் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. ஸ்கைடைவிங் ஒரு காலத்தில் கிளப் விஷயம். எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஆபத்தை அறிந்தே ஏறியவர்கள். இன்று ஏறுபவர் யார்? செந்தாழை அவர்களின் தம்பி. பரிசுக் கூப்பனோடு வந்த புதுமணத் தம்பதி. விமானத்தின் வால் எண்ணை, அதாவது பதிவு எண்ணைக்கூடப் பார்க்கத் தெரியாதவர்கள். விதி கிளப்பில் நின்றுவிட்டது, வியாபாரம் சுற்றுலாவாகிவிட்டது.

வாரியம் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் கொடுமை. 2008இலேயே தனி ஆய்வறிக்கை வெளியிட்டது: 1980 முதல் அதுவரை பாராசூட் பறத்தல் தொடர்பான 32 விபத்துகளில் 172 பேர் இறந்திருக்கிறார்கள். பராமரிப்பு, விமானிப் பயிற்சி, ஆணையத்தின் மேற்பார்வை மூன்றும் சரியில்லை என்று எழுதியது. பதின்மூன்று ஆண்டு கழித்து டில்லிங்ஹாம் அறிக்கையில் மறுபடியும் அதே மூன்று.

கீழக்கரையான் | மதியம் 2.52

குமாஸ்தா ஐயா, கையெழுத்து வாங்குவார்களே, அது செல்லுமா? நான் குதிக்கும் முன் கொடுத்த தாள்கட்டு நிக்காஹ் பதிவேட்டைவிடத் தடிமனாக இருந்தது. படிக்காமல்தான் போட்டேன்.

வக்கீல் குமாஸ்தா | மாலை 3.20

நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எல்லா இடத்துக்குமாக ஒரு வரியில் சொல்ல நான் வக்கீல் இல்லை, வக்கீலின் குமாஸ்தாதான். ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தத் தாளில் "குதிப்பது ஆபத்து" என்று நூறு விதமாக எழுதியிருப்பார்கள். நீங்களும் குதிப்பதன் ஆபத்தை எடைபோட்டுக் கையெழுத்துப் போடுவீர்கள். "இந்த விமானம் மூன்று வருடத்துக்கு முன் வாலை இழந்தது" என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

நெட்டைக்கொக்கு | மாலை 4.05

சரி, அமெரிக்கா சட்டத்தைத் தளர்த்தி வைத்தது, அதனால் விழுகிறது என்கிறீர்கள். ஸ்வீடனில்? ஒழுங்குக்குப் பேர்போன நாடு. 2021 ஜூலை 8, ஓரெப்ரூ விமானநிலையம். ஸ்கைடைவர்கள் எட்டுப் பேரோடு கிளம்பிய பீவர் விமானம் கிளம்பிய வேகத்தில் விழுந்து விமானியோடு ஒன்பது பேரும் போனார்கள். அதற்கு இரண்டு வருடம் முன் 2019 ஜூலையில் ஊமியோவில் இன்னொன்று, அதிலும் ஒன்பது பேர். ஆக, இந்த விளையாட்டே அப்படித்தான்.

பழைய தாம்பரம் | மாலை 5.30

தம்பி படித்துவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறார், மகிழ்ச்சி.

ஊமியோ வேறு கதை. அது கிளம்பும்போது நடக்கவில்லை. குதிக்கும் உயரம்வரை ஏறியபிறகு மேகத்துக்குள் கட்டுப்பாடு போனது. அங்கே உயரம் இருந்தும் யாராலும் வெளியே வர முடியவில்லை. விமானம் சுழன்று விழும்போது உள்ளே இருப்பவர்களைச் சுவரோடு வைத்து அழுத்திவிடும். ஆகவே செந்தாழை அம்மா, உயரம் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது.

ஓரெப்ரூவைத் தம்பி எடுத்தது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அங்கும் எடை பின்னால் இருந்தது. அங்கும் கிளம்பும்போது டிரிம் சரியான இடத்தில் இல்லாமல் மூக்கு மேலே போனது. அங்கும் தரைக்கு அருகில், மீட்க இடமில்லாமல். ஸ்கைடைவிங் விமானத்தில் இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வைக்கிறார்கள். பெரும்பாலான விமானங்களில் கதவு பின்பக்கம். ஆட்கள் கதவை ஒட்டி நெருங்கினால் பாரம் பின்னால் நகரும். இருக்கை எண் இருந்தால் யார் எங்கே என்று கணக்குப் போடலாம். தரையில் உட்கார்ந்தால் கணக்கு காகிதத்தில் ஒன்று, வானத்தில் வேறு.

நியூசிலாந்தின் ஃபாக்ஸ் கிளேசியரில் 2010 செப்டம்பர் 4 அன்று ஒன்பது பேரோடு கிளம்பியவுடனே விழுந்த ஃப்ளெட்சர் விமானத்திலும் எடைச் சமநிலை பின்னால்தான் போயிருந்தது. வயலுக்கு உரம் தூவ வடிவமைத்த விமானத்தை ஆள் ஏற்ற மாற்றியது அது. காரணம் எதுவென்று பல வருடம் அங்கே வழக்காடினார்கள்.

வைகறை | மாலை 6.00

ஒரு நல்ல செய்தியும் சொல்லட்டுமா? அதே நியூசிலாந்தில், 2015 ஜனவரி 7, டாவ்போ ஏரி. கிளம்பிச் சில நிமிடங்களில் ஒற்றை எஞ்சின் விமானத்தின் எஞ்சின் உடைந்தது. உயரம் சுமார் 2,000 அடி. உள்ளே 13 பேர், அதில் ஆறு பேர் வாடிக்கையாளர்கள். பயிற்சியாளர்கள் அவர்களைத் தங்களோடு கொக்கியிட்டு வரிசையாகக் குதித்தார்கள், விமானியும் தன் பாராசூட்டோடு குதித்தார். விமானம் ஏரியில் விழுந்தது. பதின்மூன்று பேரும் பிழைத்தார்கள்.

டில்லிங்ஹாமுக்கும் டாவ்போவுக்கும் இடையே இருந்தது ஆயிரத்தெண்ணூறு அடி. எஞ்சின் போனால் விமானம் சறுக்கிக்கொண்டாவது வரும், நேரம் கொடுக்கும் என்பது இன்னொரு வித்தியாசம். ஸ்டால் நேரம் கொடுக்காது.

நெட்டைக்கொக்கு | மாலை 6.18

டாவ்போ எனக்குத் தெரியாது. நல்ல செய்திதான். ஆனாலும் சொல்கிறேன், பேராசைப்பட்டு வானத்துக்குப் போனவர்கள்...

[இப்பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது – மன்றக் காவலர்]

மன்றக் காவலர் | மாலை 6.45

இறந்தவர்களின் குடும்பத்தார் யார் வேண்டுமானாலும் இதைப் படிக்கக்கூடும். வாதம் நடக்கட்டும், ஏச்சு வேண்டாம். கொக்குக்கு இது இரண்டாவது எச்சரிக்கை. (முதல் எச்சரிக்கை இட்லி மாவு இழையில்.)

செந்தாழை | இரவு 8.10

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். பாதி புரிந்தது, பின்பாரம் முழுதாகப் புரிந்தது. எங்கள் தாத்தா நெல் மூட்டையை வண்டியில் முன்னே இழுத்துப் போடு என்று கத்துவது இப்போதும் காதில் இருக்கிறது.

தம்பியைத் தடுக்க முடியாது. என்ன கேட்கச் சொல்லலாம் என்று சொல்லுங்கள். பயமுறுத்த வேண்டாம், அவன் கேட்டு வாங்கக்கூடிய விடைகளாக இருக்கட்டும்.

ரிவெட் | இரவு 8.55

வால் எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். அமெரிக்க விமானம் என்றால் அந்த எண்ணை வைத்து, பதிவான விபத்து ஏதும் உண்டா என்று வாரியத்தின் பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். பைரன் விபத்தும் அங்கே இருந்தது. டில்லிங்ஹாமில் ஏறியவர்களில் யாருக்கும் தேடத் தோன்றியிருக்காது, எனக்கும் தோன்றியிருக்காது.

பிறகு பெல்ட். தரையில் உட்கார்ந்தாலும் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பெல்ட் கட்டாயம், அமெரிக்க விதி அது. 1992இல் கலிஃபோர்னியாவின் பெரிஸ் வேலியில் எரிபொருளில் தண்ணீர் கலந்து ட்வின் ஆட்டர் ரக விமானம் ஒன்று விழுந்து, 22 பேரில் 16 பேர் இறந்தபிறகுதான் பெல்ட்டை எல்லாரும் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். 2006இல் மிசௌரியின் சல்லிவனில் இன்னொரு ட்வின் ஆட்டர், கிளம்பும்போது எஞ்சின் போய் விழுந்தது, எட்டில் ஆறு பேர் இறந்தார்கள். ஒரே முனையில் கட்டும் பெல்ட் ஆளைப் பிடித்து வைக்கப் போதாது, இருமுனையில் கட்ட வேண்டும் என்று வாரியம் அப்போது சொன்னது. எந்த வகை என்று தம்பி ஒரு பார்வை பார்க்கட்டும்.

பழைய தாம்பரம் | இரவு 9.20

கேட்கும்போது விடையைவிட முகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்கிடம் விமானத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை நிறுத்துவது கஷ்டம். மழுப்புகிறவனிடம் விமானம் இருக்கக் கூடாது.

செந்தாழை | நான்கு நாட்களுக்குப் பின், இரவு 9.30

தம்பி மின்னஞ்சலில் கேட்டிருக்கிறான். வால் எண் என்ன, முன்பு விபத்து ஏதும் உண்டா, பெல்ட் ஒருமுனையா இருமுனையா, விமானி இந்த விமானத்தை எத்தனை மணிநேரம் ஓட்டியிருக்கிறார். நான்கே கேள்விகள்.

பதில் வந்துவிட்டது. கேள்விகள் எதையும் தொடவில்லை. தம்பதியாக வருபவர்களுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள்.

கீழக்கரையான் | இரவு 9.34

வாங்கிக்கொண்டானா?

செந்தாழை | இரவு 9.51

இல்லை. வேறொரு இடத்துக்கு அதே கேள்விகளை அனுப்பினான். அங்கிருந்து தொலைபேசியிலேயே அழைத்து முக்கால் மணிநேரம் பேசினார்களாம், கடைசியில் இவன்தான் வேலை இருக்கிறது என்று வைத்தானாம். தாம்பரம் ஐயாவிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை போகிறார்கள். நான் அன்று போனைக் கையில் எடுக்கப் போவதில்லை.